ஒரு சாண் குறைவு

சுவரேறும் போட்டிக்கான சுவரைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

மூன்றாவது பிடிக்கும் நான்காவது பிடிக்கும் நடுவே வெறும் பலகை. மெர்லினின் கைகளை அளந்து விட்ட இடைவெளி.

மெர்லின் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களில் அவள்தான் நெட்டை. முகத்தில் கவலையே இல்லை.

சுவரில் பிடிகளைப் பொருத்திய ஜெபராஜ் ஓரமாக நின்றிருந்தார். போன வருடம் வரை மெர்லினின் பயிற்சியாளர்.

அவர் மெர்லினைப் பார்த்துத் தலையசைத்தார்.

வணக்கமா, சைகையா?

அவள் நேரே தலைமை நடுவரிடம் போனாள்.

"சார், இந்தச் சுவரை மெர்லினுக்குன்னே அமைச்சிருக்காங்க. ஜெபராஜ் சாரை விசாரிங்க."

"போட்டி முடியட்டும்மா" என்றார் நடுவர். ஆனாலும் ஜெபராஜை அழைத்துத் தன் மேசைக்குப் பின்னால் உட்காரவைத்தார்.

பிறகு காத்திருப்பு அறை. உள்ளே இருப்பவர்களுக்குச் சுவர் தெரியாது.

மெர்லின்தான் முதலில் போனாள். சற்று நேரத்தில் வெளியே கைதட்டல்.

ஏறிவிட்டாள். ஏறாமல் என்ன செய்வாள்?

அறை ஒவ்வொருவராகக் காலியானது. கடைசியாக அவளைக் கூப்பிட்டார்கள்.

சுவரின் அடியில் முழங்கால் உயரத்தில் ஒரு விளிம்பு துருத்திக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஒடுங்கி உட்கார்ந்து தொடங்க வேண்டும். அவள் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. சுருண்டாள், எழுந்தாள். கண்ணெல்லாம் மேலே, அந்த வெறும் பலகைமேல்.

தாவினாள்.

ஒரு சாண் குறைந்தது.

மெத்தையில் மல்லாந்து கிடந்தபடி ஜெபராஜைத் தேடினாள். அவர் சுவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நினைத்தது சரிதான்.

நேரம் இன்னும் மிச்சமிருந்தது. மறுபடி ஏறினாள். இந்தமுறை தாவவில்லை. ஒரு கையில் தொங்கியபடி பலகையைத் தடவினாள்.

பலகையின் நிறத்திலேயே ஒரு குழி. இரண்டு விரல் உள்ளே போயிற்று.

இழுத்தாள். உடம்பு பஞ்சாக மேலே வந்தது.

உச்சிப் பிடி கைக்குள் இருந்தது.

கூட்டம் கத்தியது. கீழே மெர்லின் முழங்காலில் ஐஸ் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ மட்டும்தான்டி ஏறியிருக்க. எனக்கு ஆரம்பத்திலேயே போச்சு. அந்த விளிம்புக்கு அடியில என் காலை மடக்கவே முடியல. பாவம்னு கைதட்டுனாங்க. மத்தவங்களுக்கு அந்தக் குழியில விரல் நுழையல. உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு!"

மெர்லின் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று அவள் தேடினாள். இல்லை.

ஜெபராஜ் இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவர் வந்து அவளைத் தனியே கூப்பிட்டார்.

"இப்ப அவரை விசாரிக்கலாம். சுவர்ல தப்பு இருந்தா இந்தச் சுற்றே செல்லாது. உன் முதலிடமும் போயிடும். என்னம்மா சொல்ற?"

எப்படிச் சொன்னாலும் முதலிடத்துக்காகச் சொல்வது போலத்தான் கேட்கும் என்று தெரிந்தது.

"விசாரிக்க வேண்டாம் சார். சுவர் சரியாத்தான் இருக்கு."

நடுவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.