பின்னறைப் படம்

"ஏம்மா, இது வீடு விக்கிற வெப்சைட்டா, வர்றவனைத் துரத்துற வெப்சைட்டா?"

வீட்டுத் தரகு அலுவலகத்தின் முதலாளி கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் வெடுக்கென்று திருப்பினார். வெப்சைட்டைக் கவனித்துக்கொள்ளும் பெண் கையைக் கட்டியபடி எதிரே நின்றாள்.

"மூலை வீட்டுப் பக்கத்தைத் திறந்திருக்கேன். பாரு. சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. இது திறக்கிறதுக்குள்ள வாங்க வந்தவனுக்குப் பேரன் பொறந்துடுவான்."

அவர் பக்கத்தைக் கீழே உருட்டினார்.

"ஒரு வழியா திறந்துச்சு. போட்டோவா இது? அடுப்புக்கரிக்குள்ள கேமராவை வச்சு எடுத்தியா? போன் நம்பர் எங்கே? அடியில, எறும்பு மாதிரி. அதுலயும் கடைசி எண் தப்பு! விலை கேக்கணும்னா ஒரு ஃபார்ம். அதுல அவன் ஜாதகத்தைத் தவிர எல்லாத்தையும் கேக்கிற. போன்ல பார்த்தா பாதி எழுத்து வெளியே ஓடிப்போயிடுது. மத்த வீட்டுப் பக்கமெல்லாம் பளிச்சுனு இருக்கு. இது மட்டும் ஏன் இந்தக் கதி?"

"சரி பண்ணிடறேன் சார்."

"போன மாசமும் இதே பாட்டுதான் பாடின. எல்லாத்தையும் விடு. பின்னறை போட்டோவே இல்லையே, ஏன்? ஒரு அறையை மறைச்சா பார்க்கிறவன் என்ன நினைப்பான்? ஏதோ வில்லங்கம்னுதானே?" சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த வாசகத்தைக் காட்டினார். "உள்ளதை உள்ளபடி. நானே யோசிச்சு வச்சது. அதாலதான் இந்தக் கம்பெனி நிக்குது."

அவள் வாசகத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அந்த வீட்டுக்கு நீங்க ஒரு தடவையாவது போயிருக்கீங்களா சார்?"

"நான் எதுக்குப் போகணும்? வீட்டுக்காரர் போன்லயே எல்லாம் சொல்லிட்டார். நீ பேச்சை மாத்தாதே."

"இன்னும் கொஞ்ச நாள் மட்டும் டைம் கொடுங்க சார்."

"எதுக்கு?"

அவள் வாயெடுத்தாள். என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள்.

"போதும்மா. நாளையிலேருந்து வர வேண்டாம்."

"சார், எங்க வீட்டுல என் ஒரு சம்பளம்தான்..."

"அது வேலை பார்க்கும்போது ஞாபகம் இருந்திருக்கணும்."

தன் நாற்காலியில் முதுகுக்கு வைத்திருந்த சின்னத் தலையணையைப் பைக்குள் திணித்துக்கொண்டு அவள் வெளியேறினாள். அழவில்லை. அதுவும் அவருக்குத் திமிராகத்தான் பட்டது.

மறுநாள் அவள் இடத்தில் முதலாளியின் மச்சினன் உட்கார்ந்தான். மதியத்துக்குள் பக்கம் கண்ணைப் பறித்தது. போன் நம்பர் உச்சியில், கொட்டை எழுத்தில்.

"அத்தான், இது தெரியாம செஞ்ச தப்பு இல்ல. என்னென்ன செஞ்சா ஆள் ஓடிடுவான்னு எங்களுக்கு வெப்சைட் கிளாஸ்ல சொல்லித் தருவாங்க. ஒண்ணு பாக்கியில்லாம செஞ்சு வச்சிருக்கா. வேணும்னே."

"எதிர்க் கம்பெனிக்காரன் காசு கொடுத்திருப்பான். சோறு போட்ட இடத்துலயே குழி பறிச்சிருக்கா பாரு!"

"பின்னறை போட்டோ ஒண்ணுதான் பாக்கி அத்தான்."

"நானே போய் எடுத்துட்டு வரேன். இனிமே யாரையும் நம்பறதா இல்ல."

மூலை வீட்டின் கதவைத் திறந்தது நர்ஸ் உடையில் ஒரு பெண். வெப்சைட்டுக்குப் படம் எடுக்க வந்திருப்பதாகச் சொன்னதும் ஒதுங்கி வழிவிட்டாள். கூடத்தைத் தாண்டிப் பின்னறைக்குள் காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஜன்னலோரம் கட்டில். அதில் எலும்பும் தோலுமாக ஒரு கிழவர். மூக்கில் குழாய்.

"வெப்சைட்டா?" குரல் காற்றாக வந்தது. "அந்தப் பொண்ணு வரலையா?"

"அது இனிமே வராது. நீங்க..?"

"இந்த வீட்டைக் கட்டினவன். பையன் பேருக்கு எழுதிக் கொடுத்துட்டேன். வித்ததும் என்னை முதியோர் இல்லத்துக்கு மாத்திடுவானாம். அதிக நாள் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அந்த நாலு நாளும் இங்கேயே போயிட்டாத் தேவலைன்னு..." மூச்சு வாங்கினார். "அந்தப் பொண்ணு போட்டோ எடுக்க வந்தப்போ கேட்டேன். என் கதை முடியிற வரைக்கும் யாரும் வராம பார்த்துக்க முடியுமாம்மான்னு. நான் பார்த்துக்கறேன் தாத்தான்னா."

முதலாளி கையிலிருந்த போனைக் கீழே இறக்கினார்.

"சொன்னபடியே ஒரு ஈ காக்காகூட வரலை. கெட்டிக்காரி." கிழவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. அது அடங்கியதும் மெதுவாகக் கேட்டார்: "வீட்டைக் கேட்டு யாராவது கூப்பிட்டாங்களா சார்?"

"இல்லைய்யா. யாரும் கூப்பிடலை."

கிழவர் நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

முதலாளி கொஞ்ச நேரம் அந்த முகத்தையே பார்த்தார். சத்தமில்லாமல் நகர்ந்து, கட்டில் படத்தில் விழாத மாதிரி சுவரோரம் நின்று போனை உயர்த்தினார். ஜன்னல், வெளிச்சம், வெள்ளைச் சுவர். நன்றாகவே வந்திருந்தது.

கையிலிருந்த போன் அடித்தது. புது நம்பர்.

கட்டிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"ஆமா சார், மூலை வீடுதான். பின்னறையா? இதோ, போட்டோ இப்பவே அனுப்பறேன். சேச்சே, யாரும் இல்ல சார், காலி வீடு. நாளைக்குச் சாயங்காலம் வாங்க, அதுக்குள்ள சுத்தம் பண்ணி வச்சிடறேன். எங்க கம்பெனியில எல்லாமே உள்ளதை உள்ளபடிதான் சார்."