கையுறைக்குள் ஒரு சீட்டு

லோர்கன் கான்சிடைன் இன்றைக்குக் காசு வாங்கிக்கொண்டு பந்தயத்தில் வேண்டுமென்றே தோற்கப் போகிறான் என்பதில் பிளென்கினுக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை.

பிளென்கின் முப்பது வருடம் போலீஸில் இருந்தவர். இப்போது ஹெர்ன்லி குதிரைப் பந்தய மைதானத்தில் தில்லுமுல்லு நடக்காமல் பார்த்துக்கொள்ளும் அதிகாரி. ஐரிஷ்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து சிரித்தால்கூட அவருக்கு மூக்கு வியர்த்துவிடும்.

லோர்கன் பதினேழு வயதில் அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவன். பத்தொன்பது வருடமாக இங்கிலாந்தில் தடுப்பு தாண்டும் பந்தயங்களில் குதிரை ஓட்டும் ஜாக்கி. காறை எலும்பு எட்டு முறை உடைந்திருக்கிறது. பெரிய பந்தயம் ஒன்றுகூட ஜெயித்ததில்லை. அடுத்த சனிக்கிழமை நடக்கும் பெரிய பந்தயத்தில், ஊரே ஜெயிக்கும் என்று சொல்லும் குதிரை முதல்முறையாக அவனுக்குக் கிடைத்திருந்தது. அப்படிப்பட்டவன் இப்போது போய் ஏன் தப்புப் பண்ண வேண்டும் என்று பிளென்கினும் யோசித்துப் பார்த்தார். ஆனால் கண்ணால் பார்த்ததை எப்படி இல்லை என்பது?

மூன்றாவது பந்தயத்தின் முடிவை அறிவித்த மறு நிமிடம், ஜாக்கிகளின் சேணத்தையும் பூட்ஸையும் கவனித்துக்கொள்ளும் பாட்சி, எடை பார்க்கும் அறையின் மூலையில் உட்கார்ந்து ஒரு சீட்டில் ஏதோ கிறுக்கினார். லோர்கன் சேணத்தோடு தராசில் உட்கார்ந்து எடை காட்டிவிட்டு, நேராக அவரிடம் வந்தான். சீட்டு கைமாறியது.

பிளென்கின் கதவுக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டார்.

"கடைசி நேரத்துல எழுதித் தர்றீங்களே, பாட்சிண்ணே!"

"போன ரேஸ் முடியாம எப்படிடா எழுதுறது? பேசாம மனப்பாடம் பண்ணு."

லோர்கனின் உதடுகள் அசைந்தன. "ஆச்சு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரிசையா ஒப்பிச்சிருவேன்."

"ஒண்ணு பிசகினாலும் அடுத்த சனிக்கிழமையை மறந்துடு. மாட்டினோம்னா எனக்கும் வேலை போயிடும்."

"நான் பார்த்துக்கறேன், விடுங்க."

சீட்டு கையுறைக்குள் போனது. கையும் களவுமாகப் பிடிப்பதுதான் முறை என்று பிளென்கின் பொறுமையாக இருந்தார்.

நாலாவது பந்தயம். லோர்கனின் குதிரை மேல்தான் முக்கால்வாசிப் பேர் பணம் கட்டியிருந்தார்கள். கடைசித் தடுப்புக்கு அது வந்தபோது மற்றவை வெகு தூரம் பின்னால் வந்துகொண்டிருந்தன. குதிரை அழகாகத் தாண்டி இறங்கியது. லோர்கன் மட்டும் அதன் மேல் இல்லை.

"நினைச்சேன்!" என்றபடி பிளென்கின் ஈரப் புல்லில் ஓடினார். பின்னாலேயே பாட்சியும் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

லோர்கன் எழுந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மைதானத்து டாக்டர் எடித் கிரான்.

"கொஞ்சம் தள்ளுங்க டாக்டர், இது என் கேஸ்." பிளென்கின் அவன் கையுறையை உருவினார். சீட்டு விழுந்தது.

சனிக்கிழமை.
ஹெர்ன்லி.
மிஸ்டர் பிக்கிள்ஸ்.
லோர்கன் கான்சிடைன்.

"என்ன இது, சங்கேதமா? யார் இந்த பிக்கிள்ஸ்? எவ்வளவு கொடுத்தான்?"

பாட்சி தலையைக் குனிந்துகொண்டார். "அது போன ரேஸ்ல ஜெயிச்ச குதிரையோட பேருங்க."

டாக்டர் சீட்டை வாங்கிப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "கீழே விழுந்த ஜாக்கியை நான் நாலு கேள்வி கேட்பேன், மிஸ்டர் பிளென்கின். என்ன கிழமை, எந்த மைதானம், போன ரேஸ்ல எது ஜெயிச்சுது, உன் பேர் என்ன. மண்டையில அடி பட்டிருக்கான்னு தெரியணுமே. ஒண்ணு தப்பா சொன்னாலும் மூணு வாரம் குதிரை ஏறக் கூடாது. ஒன்பது வருஷமா இதே வரிசையில கேட்கறேன். என்னைச் சொல்லணும்."

பிளென்கினுக்கு ஏமாற்றமாக இருந்தது. "சொந்தப் பேரைக்கூடவா எழுதித் தரணும்?" என்றார்.

"ஒரு முன்ஜாக்கிரதைதான்," என்றார் பாட்சி. பிறகு டாக்டரிடம், "பத்தொன்பது வருஷமா காத்துக்கிட்டு இருந்தான்மா. கொஞ்சம் பார்த்து..." என்று கெஞ்சினார்.

டாக்டருக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, லோர்கன் எதிரே மண்டியிட்டார். இந்த முறை கேள்விகளைக் கடைசியிலிருந்து ஆரம்பித்தார்.

"உன் பேர் என்னப்பா?"

லோர்கன் ஒரு நொடிகூடத் தயங்காமல், கணீரென்று சொன்னான்: "சனிக்கிழமை."