கைராசி

தோள் இறங்கிவிட்டது.

மூன்று நாளாக இறங்காத தோள். காதைத் தொட்டுவிடுவதுபோல் ஏறி நின்ற தோள். இப்போது அவளுடைய உள்ளங்கைகளுக்குக் கீழே, மெல்ல, தானாகவே இறங்கியது.

அவளுக்குப் பெருமையாக இருந்தது.

பிசியோதெரபி படித்துவிட்டு, ஈரோட்டில் ஒரு மருந்துக்கடை மாடியில் கட்டில் போட்டு ஆறு வருடம் ஆகிறது. அந்தப் பொண்ணுக்குக் கைராசி என்று ஊரில் பேச்சு. அவளும் அதை நம்ப ஆரம்பித்திருந்தாள்.

கட்டிலில் குப்புறப் படுத்திருந்தவள் சுகந்தி. கழுத்து வலி. தலையைத் திருப்ப முடியவில்லை.

முதல் நாளே எல்லாம் சொல்லிக்கொடுத்தாயிற்று. தாடையை உள்ளே இழுக்க வேண்டும். நிமிர்ந்து நடக்க வேண்டும். காலையும் மாலையும் வெந்நீர் ஒத்தடம். தோளைத் தளரவிட வேண்டும். சுகந்தி மற்றதையெல்லாம் செய்தாள். தோள் மட்டும் கேட்கவில்லை.

கேள்விகளுக்குச் சுகந்தியின் கணவர்தான் பதில் சொன்னார். எங்கே வலி, எத்தனை நாளாக, தூக்கம் வருகிறதா, எல்லாமே அவருக்குத் தெரிந்திருந்தது. அன்பான மனிதர் என்று நினைத்தாள். வேலையை விட்டுவிட்டு வந்து, மனைவியின் கட்டிலை ஒட்டி நாற்காலி போட்டு உட்காருகிற ஆண்கள் எத்தனை பேர்?

இன்றைக்கு அவருக்கு ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே கீழே இறங்கிப் போனார்.

அப்போதுதான் தோள் இறங்கியது.

"இங்க இருக்கற அரை மணி நேரம் நல்லா இருக்குதுங்க மேடம்."

மூன்று நாளில் சுகந்தி பேசிய முதல் பேச்சு அது.

கைராசியேதான்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கைக்குக் கீழே சதை இறுகியது. எண்ணெய் ஆறிவிட்டதோ என்று நினைத்தாள், மடச்சி.

அவர் உள்ளே வந்ததும், பிடித்துவிடக் கற்றுக்கொள்ளும்படி அவளாகவேதான் அவரைக் கூப்பிட்டாள். அங்கே அது வழக்கம். பவானியிலிருந்தும் அந்தியூரிலிருந்தும் தினமும் பஸ் ஏறி வர எல்லோராலும் முடியாது. அதனால் கூட வருகிறவர்களுக்குக் கை பழக்கி அனுப்புவாள். மாமியாருக்காக மருமகளுக்கு. அப்பாவுக்காக மகனுக்கு. புண்ணியம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

சுகந்தியை எழுப்பி, கண்ணாடிக்கு முன்னால் ஸ்டூலில் உட்காரவைத்தாள். அவர் பின்னால் வந்து நின்றார்.

"கட்டைவிரல் ரெண்டும் பின்னங்கழுத்துல வைங்க. மத்த விரல் முன்னால வரட்டும்."

வைத்தார்.

அவர் கைமேல் தன் கையை வைத்து இடம் காட்டினாள்.

தோள் ஏறியது.

வெடுக்கென்று அல்ல. நத்தை கூட்டுக்குள் போவதுபோல் கழுத்து உள்ளே போயிற்று. கண்ணாடியில் சுகந்தியின் கண்கள் மூடியிருந்தன. மூச்சு நின்றிருந்தது. அது வலிக்கிற முகம் இல்லை. இனி வலிக்கும் என்று தெரிந்து காத்திருக்கிற முகம்.

அவள் தன் கையை எடுத்துக்கொண்டாள்.

"போதுங்க," என்றாள்.

"இருங்க மேடம். இப்பத்தான் பிடிபடுது."

அளவாக அமுக்கினார். சொன்ன இடத்தில், சொன்ன மாதிரி. ஆறு வருடத்தில் இவ்வளவு சீக்கிரம் யாரும் கற்றுக்கொண்டதில்லை.

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்வார்கள். அவள் அடுத்தவள் மடியில் கட்டிவிட்டாள்.

"இனி இவ்வளவு தூரம் இவ வரத் தேவையில்லைங்க. நானே பாத்துக்கறேன்."

பத்து நாள் கட்டாயம் வர வேண்டும் என்றாள். கழுத்துக்குக் கரண்ட் வைக்க வேண்டும் என்றாள். நரம்பு, எலும்பு என்று என்னென்னவோ சொன்னாள். அவர் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டே மனைவியின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"சுகந்தி, நீங்க சொல்லுங்க. வலி போயிருச்சா?"

சுகந்தி கண்ணாடியில் அவரைப் பார்த்தாள்.

"போயிருச்சுங்க மேடம்."

தோள் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

யாரிடம் போய்ச் சொல்வது? என்னவென்று சொல்வது? ஒரு தோள் இறங்கியது, பிறகு ஏறியது என்றா? உடம்பில் ஒரு கீறல் இல்லை. நோட்டில் சுகந்தி பெயருக்கு நேரே எழுதியிருந்ததும் அவருடைய போன் நம்பர்தான்.

வாசல் வரைக்கும் போன சுகந்தி நின்றாள். திரும்பினாள். கழுத்து திரும்பாததால் உடம்போடு திரும்பினாள்.

"அந்த ஒத்தடம் மட்டும் நானே வெச்சுக்கலாங்களா மேடம்?"

கேட்டது அவளிடம். பதில் சொன்னவர் அவர்.

"நீ எதுக்குச் சிரமப்படற? அதையும் நானே வெச்சு உடறேன்."

தடுக்க ஒரு சொல் வேண்டும். எதையாவது சொல்லி நிறுத்திவிட வேண்டும். தேடினாள். எல்லோரிடமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன ஒன்றுதான் வாயில் வந்தது.

"சூடு பாத்து வைங்க."

"அதெல்லாம் எனக்குத் தெரியுங்க மேடம்."

சிரித்தபடியே கும்பிட்டார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"நிமிந்து நட. மேடம் சொன்னாங்கல்ல?"

சுகந்தி நிமிர்ந்து நடந்தாள்.