இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே

“அந்தம்மாகிட்ட சொல்லுங்க. அவங்க சத்தத்தைக் கொறைச்சாத்தான் நான் சொல்றது நாலு பேருக்குக் கேக்கும்.”

கிட்டார்காரர் விரல் நகத்தை அரத்தால் ராவிக்கொண்டே சொன்னார். மேடைக்காரர் தலையாட்டினார். நாற்காலி போடுவது, விளக்குப் போடுவது, திரை இழுப்பது, இதுதான் அந்த அரங்கத்தில் அவர் வேலை. சேதி சுமப்பது அவருக்குப் பிடிக்காது. மூட்டை என்றால் இறக்கி வைக்க ஓர் இடம் உண்டு. சேதிக்கு அது கிடையாது.

சாயங்காலம் கச்சேரி. கிட்டாரும் செல்லோவும் மட்டும். செல்லோ என்பது ஆள் உயர வயலின் மாதிரி, காலுக்கு நடுவில் நிறுத்தி வில்லால் இழைப்பது. காலையில் வந்து இறங்கியதிலிருந்து கிட்டார்காரரும் செல்லோக்காரம்மாவும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆளுக்கோர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

இப்படிப்பட்ட பஞ்சாயத்துக்கெல்லாம் அரங்கத்து மேனேஜர்தான் நடுவில் நிற்பார். இன்று அவர் கழுத்தில் மப்ளர்.

“தொண்டை கட்டிப்போச்சு” என்று காற்றாகப் பேசினார். “கிட்டார்காரரை நீங்க பாருங்க. பெண்கள் அறையைத் துப்புரவுக்காரம்மா பாத்துக்கட்டும். சாயங்காலத்துக்குள்ள ஒத்துப்போகலைன்னா கச்சேரி கெடையாது. டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்துட்டுக் கதவை மூட வேண்டியதுதான்.”

நடையில் துப்புரவுக்காரம்மா ஈரத் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். மேடைக்காரர் தண்ணீர் வாளியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“சத்தத்தைக் கொறைக்கணுமாம். அப்பத்தான் அவர் சொல்றது கேக்குமாம்.”

அவள் துடைப்பத்தைச் சாத்திவிட்டு உள்ளே போனாள். வந்தாள்.

“அந்தக் கோடியில போய் உக்காந்துக்கிட்டா சத்தமாத்தான் வரும்னு அந்தம்மா சொல்றாங்க. கிட்ட வந்தா நான் எதுக்குக் கத்தறேன்னு கேக்கறாங்க.”

கிட்டார்காரர் அதைக் கேட்டு அரத்தைக் கீழே வைத்தார். “கிட்ட போனா முழங்கையில இடி விழுது. இடிச்சதுக்கு ஒரு வார்த்தை வருத்தம் சொன்னாங்களான்னு கேளுங்க.”

மறுபடி நடை. மறுபடி வாளி.

“வலிக்குதுன்னு வாயைத் தொறந்து சொன்னாத்தானே இடிச்சதே தெரியும்” என்றாள் துப்புரவுக்காரம்மா.

“உள்ள போய்க் கேக்கவே இல்லையே.”

“கேக்கணுமா? இதைத்தான் சொல்வாங்க.”

இருந்தாலும் போய்க் கேட்டாள். அதையேதான் சொன்னார்களாம்.

மேடைக்காரருக்குக் கச்சேரியைவிட இப்போது அந்தச் சண்டைதான் பெரிதாகத் தெரிந்தது. “அப்படி என்னதான் நடந்திருக்கும்?”

“பெரிசா ஒண்ணும் இருக்காது. பெரிசுன்னா அன்னிக்கே கத்தித் தீர்த்திருப்பாங்க. சின்னதுதான் உள்ளயே கெடந்து ஊறும்.”

“ரெண்டு பேரையும் ஒரே அறையில போட்டுப் பூட்டிட்டா?”

“சாவி யார்கிட்ட இருக்கணும்னு அதுக்கு ஒரு சண்டை வரும்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாளியை விட்டு முகத்தை நிமிர்த்தினார். அவளும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் நின்றாள்.

“நாற்காலியை நாமளே கிட்டப் போட்டுட்டா என்ன?” என்றாள்.

மேடைக்குப் போனார்கள். அவர் ஒரு நாற்காலியைத் தூக்கி இன்னொன்றின் பக்கத்தில் வைத்தார். இடிக்குமா இடிக்காதா என்று உட்கார்ந்து பார்த்தால்தானே தெரியும்? அவர் ஒன்றில் உட்கார்ந்தார். அவள் மற்றதில் உட்கார்ந்து, துடைப்பத்தை வில் போல இழுத்தாள். கட்டை அவர் முழங்கையில் போய் இடித்தது.

“வலிக்குதா?”

“இல்லை.”

“வலிச்சா சொல்லணும்.”

அவர் முழங்கையைத் தடவிக்கொண்டார். “வலிக்குது” என்றார்.

“தெரியாம பட்டுடுச்சு” என்றாள் அவள். குரல் இறங்கியிருந்தது. அவ்வளவு பெரிய அரங்கத்தில் அது அவருக்கு மட்டும்தான் கேட்டது.

எழுந்து நாற்காலியை ஒரு சாண் நகர்த்திக் கொஞ்சம் திருப்பிப் போட்டார். இப்போது இழுத்தால் இடிக்கவில்லை. கடைசி வரிசை இருட்டில் யாரோ இருமுவது போலிருந்தது.

சாயங்காலம் வாத்தியக்காரர்கள் இருவரும் வந்தார்கள். நாற்காலிகளைப் பார்த்தார்கள். உட்கார்ந்தார்கள். செல்லோ அடக்கிப் பேசியது. கிட்டார் சொன்னது கடைசி வரிசை வரை போனது. மேடைக்காரரும் துப்புரவுக்காரம்மாவும் திரை ஓரத்தில் நின்று முழுக்கக் கேட்டார்கள். திரையை இழுக்க அவர் மறந்துவிட்டதால் அவள் முழங்கையால் இடிக்க வேண்டியிருந்தது.

கச்சேரி முடிந்து, கிட்டார்காரரும் செல்லோக்காரம்மாவும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்து ஒரே காரில் ஏறினார்கள். மேனேஜர் மப்ளரை உருவிக் கையில் சுற்றியபடி வழியனுப்ப வந்தார்.

“சண்டையே போடாத உங்களைச் சண்டைக்காரங்களா ஆக்கிட்டேன். மன்னிச்சுக்குங்க” என்றார். குரல் மணி மாதிரி இருந்தது.

“அது கெடக்கட்டும்” என்று செல்லோக்காரம்மா கார் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். “நீங்க சொல்லிக் கொடுத்த வசனமெல்லாம் சரியா வந்துச்சா?”

“வராம என்ன. சத்தம், கோடி, முழங்கை, எல்லாம் அவங்க ரெண்டு பேரும் என்கிட்டச் சொல்லியனுப்பினதுதானே.” மேனேஜர் வெளிக்கேட் பக்கம் கையைக் காட்டினார். துடைப்பத்தையும் வாளியையும் வைத்துவிட்டு வந்த துப்புரவுக்காரம்மா ஏதோ சொல்ல, மேடைக்காரர் குனிந்து கேட்டபடி அவளோடு நடந்துகொண்டிருந்தார்.

“கோடையிலேருந்து ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, சோத்துல உப்பு தூக்கலா இருக்குன்னு சொல்லக்கூட என்னைத்தான் தூது விட்டாங்க, அந்தப் புருஷனும் பொண்டாட்டியும்.”