பத்தொன்பது வரை

கோவில்பட்டிப் புத்தகத் திருவிழாவில் பதின்வயதினருக்கான கவியரங்கம் நடந்துகொண்டிருந்தது. பொறுப்பாளர் சாமுவேல்ராஜ் அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

"வினோலியா!"

சுடிதார் அணிந்த ஒல்லியான பெண் ஒருத்தி, இடுப்பில் கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தை வீறிட்டு அழுதது.

"தம்பியத் தூக்கிட்டு மேடை ஏறக் கூடாதும்மா. யார்கிட்டயாவது குடு."

"கூட யாரும் வரல சார். நான் வச்சுக்கிட்டே வாசிக்கேன்."

"தாளை எப்படிப் பிடிப்ப?"

"தாள் வேண்டாம். மனப்பாடமா இருக்கு."

"பிடிவாதம் பிடிக்காத. அடுத்த வருசம் தனியா வா."

"பத்தொன்பது வயசு வரைக்கும்தான சார் விடுதீங்க? எனக்கு இதுதான் கடைசி."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சாமுவேல்ராஜுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கவிதை வாசிக்கப் போற பிள்ளைகிட்ட யாராவது கைக்குழந்தையக் குடுத்து அனுப்புவாங்களா? மொதல்ல போய் அவன அம்மாகிட்ட விட்டுட்டு வா!"

வினோலியா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு மேடை ஏறினாள். மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அம்மாகிட்டதான் சார் இருக்கான்."