வேலி முடியட்டும்

"இவன் தொங்குறத முன்னாடி நின்னு பாக்கணும்" என்று சொல்லி, தச்சன் ஆமோன் குயவன் பெரனின் காலடியில் காறித் துப்பினான்.

துறவிமடத்து ஆட்டைத் திருடியதாகப் பெரன் மேல் வழக்கு. சாட்சி இல்லை. ஷாம்பேன் சீமை வழக்கப்படி சண்டைதான் தீர்ப்பு. மடத்தின் மல்லன் ராவுலிடம் தோற்றால் தூக்கு. முதல் நட்சத்திரம் தெரியும்வரை தோற்காமல் இருந்துவிட்டால் குற்றமற்றவன்.

ராவுலின் ஒரு தொடைக்குக்கூட பெரன் காணமாட்டான்.

"ஆரம்பிக்கலாமா?" என்றான் ராவுல்.

"இருங்க, அந்த மூலைல இடைவெளி இருக்கு. ஓணான் மாதிரி இருக்கான், நழுவிட்டான்னா யாரைத் தூக்குல போடுவீங்க? உங்க பெரிய சாமியாரையா?" என்றான் களத்துக்கு வேலி போட்டுக்கொண்டிருந்த ஆமோன்.

கூட்டம் சிரித்தது. அவன் கம்பைப் பிடுங்கி மறுபடி நட்டான்.

"வேலி கெடக்குது, விடுய்யா" என்று ராவுல் கத்தினான்.

நீதிபதிக்கு அது பிடிக்கவில்லை. "வேலி இல்லாம களம் ஏதுப்பா? களத்துக்கு ஏன் லிஸ்னு பேரு? துணியோட கரைக்குத்தான் மொதல்ல அந்தப் பேரு. அப்புறம் களத்தோட கரைல நிக்கிற வேலிக்கு வந்துச்சு. கடைசில உள்ள இருக்கற மண்ணுக்கே ஆயிடுச்சு. வேலி முடியலைன்னா இது வெறும் மாட்டுத் தரை. மாட்டுத் தரைல நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன்."

வெள்ளிக்கிழமை விரதம். ஊரே பட்டாணிக் கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கி வழிந்தது. ஆமோன் மட்டும் ஒரு மரச் சிராயால் பல்லிடுக்கைக் குத்திக்கொண்டே ஒவ்வொரு கம்பாக ஆட்டிப் பார்த்தான். ஆடியதையெல்லாம் பிடுங்கினான்.

"பாவிப்பயலே, உனக்காக எவ்ளோ பாடு படறேன் பாரு" என்று நடுநடுவே பெரனைத் திட்டினான்.

கடைசிக் கம்பு இறங்கியபோது சூரியன் தேவாலயத்துக்குப் பின்னால் மறைந்து இருட்டத் தொடங்கியிருந்தது. ராவுல் தடியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தான். பெரன் கண்ணை மூடிக்கொண்டான்.

"நில்லு" என்றார் நீதிபதி. அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நட்சத்திரம் வந்தாச்சு. பெரன் தோக்கலை. விட்டுடுங்க."

"இன்னும் ஒரு அடிகூட விழலையே?"

"அடி விழணும்னு சட்டத்துல இல்லப்பா."

ராவுல் தடியை வீசி எறிந்தான். துறவிகள் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். கூட்டம் கலைந்தது. பெரன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஆமோன் சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, அவன் காதருகே குனிந்தான்.

"எந்திரிடா மச்சான், உன் பங்குக் கறி ஆறிப்போகுது."