ஒரே ஒரு கோல்கீப்பர்

"அங்க பாரு கர்ட், டார்லா அந்தக் கோச்சைப் பிடிச்சுட்டா!"

ரெனே கணவனின் முழங்கையைக் கிள்ளினாள். கர்ட் மடக்கு நாற்காலியில் சாய்ந்தபடி சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான்.

"பேசினா பேசிட்டுப் போறா. உனக்கென்ன?"

"எனக்கென்னவா? அந்தக் காலேஜுக்கு வேண்டியது ஒரே ஒரு கோல்கீப்பர். ஞாபகம் இருக்கா இல்லையா?"

கர்ட் விதைத் தோலைத் துப்பினான். அதை எப்படி மறக்க முடியும்?

ரெனேயின் மகள் பிரினும் டார்லாவின் மகள் மேசியும் ஒரே கால்பந்து கிளப்பின் கோல்கீப்பர்கள். முதல் பாதி மேசி, இரண்டாம் பாதி பிரின். இரண்டு வருஷமாக ஊர் ஊராகக் காரோட்டி, பார்த்த கல்லூரிக்கெல்லாம் வீடியோ அனுப்பியாயிற்று. 'தொடர்ந்து கவனிக்கிறோம்' என்பதற்கு மேல் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேரில் வந்து பார்த்தது அயோவாவிலிருந்து வந்த இந்தக் கோச் ஹேட்லி மட்டும்தான். கர்ட் ஏசி ரிப்பேர் செய்பவன். உதவித்தொகை கிடைக்காவிட்டால் பிரினுக்குக் கல்லூரியே கிடையாது.

கான்சாஸ் வெயிலில் ரெனே கண்ணைச் சுருக்கி எதிர்ப்பக்கத்தைப் பார்த்தாள்.

"அன்னிக்கு நடந்ததை அவ சொல்லிட்டான்னா?"

போன குளிர்காலத்தில், ஒரு மேட்சுக்கு முன்னால், உடை மாற்றும் அறையில் பிரின் மூச்சு முட்டி, கைகால் நடுங்கிக் கீழே விழுந்தாள். மனப் பதற்றம்தான் காரணம் என்றார் டாக்டர். மாதக்கணக்கில் சிகிச்சை எடுத்துத் தேறிவிட்டாள். விஷயம் வீட்டைத் தாண்டித் தெரிந்த ஒரே ஆள் டார்லா. பிரினைத் தூக்கிக் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவளே அவள்தான்.

"டார்லா அப்படிப்பட்டவ இல்ல ரெனே."

"பெத்த பொண்ணுன்னு வந்துட்டா எல்லாரும் அப்படிப்பட்டவங்கதான்."

எதிர்ப்பக்கத்தில் டார்லா நெஞ்சோரம் கையை வைத்து ஏதோ காட்டினாள். கோச்சின் முகம் சுருங்கியது. இருவரும் ஒன்றாகத் திரும்பி, கோல் முன்னால் நின்ற பிரினைப் பார்த்தார்கள்.

சொல்லிவிட்டாள் என்றே ரெனேவுக்குத் தோன்றியது. முடிந்தது. எல்லாம் முடிந்தது.

அதற்குப் பிறகு மேட்ச் அவள் கண்ணில் படவே இல்லை. பிரின் காற்றில் பறந்து ஒரு பந்தைத் தட்டிவிட்டாள். எல்லோரும் எழுந்து கத்தினார்கள். ரெனே மட்டும் உட்கார்ந்தே இருந்தாள்.

விசில் ஊதியதும் டார்லா ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"என்னடி, முகம் இப்படி வெளுத்துக் கிடக்கு? உன் பொண்ணு கலக்கிட்டா! தண்ணி குடி முதல்ல."

கட்டிப்பிடித்தே கழுத்தை அறுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள் ரெனே. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

டார்லா மகளைத் தேடிப் போன கொஞ்ச நேரத்தில் கோச் ஹேட்லி அவர்களை நோக்கி வந்தார். சிரிப்பில்லாத முகம்.

அவர் வாயைத் திறப்பதற்குள் ரெனே முந்திக்கொண்டாள்.

"கோச், ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு முடிவு பண்ணிடாதீங்க."

"எந்தப் பக்கத்தை?"

"மேசியோட வலது தோள் ரெண்டு தடவை நழுவியிருக்கு. ஆபரேஷன் பண்ணியே ஆகணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. கட்டுப் போட்டு ஆட விடறாங்க. யாருக்கும் தெரியாது."

"ரெனே!" கர்ட் பல்லிடுக்கில் அதட்டினான்.

போன வாரம்தான் டார்லா அவள் சமையலறையில் உட்கார்ந்து, 'உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்' என்று அழுதிருந்தாள். அந்த அழுகை ரெனேவுக்கு நினைவில் வராமல் இல்லை. பயம் அதை மிதித்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டது.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் கோச். ஆட முடியாத பொண்ணுக்கு உதவித்தொகை கொடுத்து நீங்க ஏமாந்துடக் கூடாதில்ல?"

கோச் தொப்பியைக் கழற்றினார்.

"தோள் விஷயம் எனக்குத் தெரியும்."

"யார் சொன்னது?"

"டார்லாவே சொன்னாங்க. மேசியை எங்க டீமுக்குக் கேக்கலாம்னுதான் நான் அவங்ககிட்ட போனேன். 'என் பொண்ணு தோள் தாங்காது கோச், அந்த இடத்தை வீணாக்காதீங்க. பிரினைப் பாருங்க, அவ உழைப்பை நான் கூடவே இருந்து பார்த்திருக்கேன்'னு சொன்னாங்க. பார்த்தேன். பிரினுக்கு இடமும் உதவித்தொகையும் தரோம். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

கர்ட் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். கண் கலங்கியிருந்தது. இத்தனை நாள் காத்திருந்த சொல் காதில் விழுந்தும் ரெனேவுக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. பயம் இன்னும் விடவில்லை.

"வேற... வேற ஏதாவது சொன்னாளா? பிரினைப் பத்தி?"

"பிரினைப் பத்தி வேற ஒண்ணும் சொல்லல. உங்களைப் பத்தித்தான் சொன்னாங்க."

"என்னைப் பத்தியா?"

"குடும்பம் எப்படின்னு எப்பவும் கேட்டுக்குவேன்." கோச் தொப்பியைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டார். "'ரெனேகிட்ட எந்த ரகசியத்தை வேணும்னாலும் நம்பிச் சொல்லலாம், உயிரே போனாலும் வெளியே விடமாட்டா'ன்னாங்க."